கந்தசாமிப் பிள்ளை நின்ற ஓரம்

நம் ஊர்ப் பெயரையே இயற்பெயராகக் கொண்டவர் புதுமைப்பித்தன். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலமே அவர். அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சிறுகதையைப் பாடம் சொல்லும்போதெல்லாம் கடவுள் தோன்றும் இடத்திற்கு விரைந்துவிடுகிறோம். அதற்குச் சற்று முன்னரே நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு.

பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில், இடரில்லாத ஓரம் பார்த்து நிற்கிறார் பிள்ளையவர்கள். டிராமா, பஸ்ஸா, எதில் சென்றால் எவ்வளவு மிஞ்சும் என்பது அவர் கணக்கு. திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு வருபவரிடம் நடந்தும் போகலாம் என்கிறார். முடிவில் இருவரும் ரிக்‌ஷாவில் ஏறுகின்றனர். நகரில் நடப்பவனுக்கு முதல் தேவை நிற்க ஓர் ஓரம் என்பதைத் தொடக்க வரியிலேயே ஆசிரியர் வைத்துவிட்டார். சென்னையில் டிராம் 1953இல் நின்றுபோயிற்று. ஓரத்தின் தேவையோ பெருகிற்று.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் தெருவின் அகலத்திற்கு ஆற்றை உவமை காட்டினார். ஊர்காண் காதையில் கோவலன் மணிக்கடையும் துணிக்கடையும் கூலக்கடையும் கண்டு நடந்தே திரும்புகிறான். அத்தகைய தெருக்களுக்கு நடைபாதை என்ற தனிச்சொல் வேண்டியிருக்கவில்லை. தெரு முழுவதும் நடப்பவர்க்கும் உரியதாக இருந்தது. வண்டி பெருகிய பின்னரே ஓரம் பிரித்துப் பெயரிட நேர்ந்தது. மக்கள் வழக்கு அதனைப் ‘பிளாட்பாரம்’ என்கிறது. இரயிலுக்குக் காத்து நிற்கும் இடத்திற்கும் அதே சொல்தான். ‘கால்நடை’ என்னும் சொல் நடப்பதையும் ஆடுமாடுகளையும் ஒருங்கே குறிப்பதை மாணவர் எண்ணிப் பார்க்கலாம். நம் சாலைகளில் இரண்டிற்கும் ஒரே மதிப்புத்தான்!

இந்தியச் சாலைப் பேராயம் 2012இல் வெளியிட்ட நெறிமுறைகள், தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமேனும் வேண்டும் என்கின்றன. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே கடப்பதற்கான அளவு அது. 2014இல் சென்னை மாநகராட்சி நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் முதன்மை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமை என்றது. உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் பிரிவு அது. சாலையோர வணிகர்க்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே தள்ளுவண்டிக்காரரை விரட்டினால் போதும் என்பாரோடு நான் உடன்படேன். கடைப்படிகள், மின்மாற்றிகள், நிறுத்திய இருசக்கர வண்டிகள் ஆகியவற்றை யாரும் விரட்டக் காணோம்.

பீங்கான் ஊராகிய நம் ஊருக்கு இது வெறும் பட்டணத்துச் செய்தியன்று. சென்ற கார்த்திகையில், கடைவீதியில் மூதாட்டி ஒருவர் அகல்விளக்குக் கூடையைத் தலையில் சுமந்து வந்தார். வைக்கோல் இட்டு அடுக்கியிருந்தும் ஒவ்வோர் அடிக்கும் விளக்குகள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. நடைபாதை ஒரு கடைப்படியில் முடிந்தது. சாலையில் இறங்க அவர் காலை நீட்டினார். பின்னால் பேருந்து ஒலி எழுப்பவே இழுத்துக்கொண்டார். மூன்று முறை அவ்வாறே. நான்காம் முறை நான் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக இறங்கினோம்.

“அந்த ஓரம் வரைக்கும் வாங்க தம்பி, போதும்” என்றார்.