பிளாஸ்டிக் யந்திர மனிதன்: முதற் பெட்டியைத் திறப்பவருக்கு

யந்திரங்களைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் மாணவர்களாகிய நம்மில் பலருக்கு உண்டு. பிரித்ததைத் திரும்பப் பூட்டும் திறமைதான் சிலருக்கே வாய்க்கிறது! ஓர் உருவத்தை நூறு துண்டுகளாகக் கையில் வாங்கி, தோளும் முழங்காலும் எவ்வாறு பொருந்துகின்றன என்று கண்டறிந்து, தன் காலில் அது நிற்கும்படி செய்வது தனி இன்பம். அந்த இன்பத்தை ஜப்பானியர் ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடைத்து விற்கின்றனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கன்பிளா'. 'கன்டம்' என்னும் கதையின் பெயரும், பிளாஸ்டிக் மாதிரி என்பதன் சுருக்கமும் சேர்ந்து பிறந்த சொல் அது. சோதிடர் சொல்லும் 'கண்டம்' போல் காதில் விழுந்தாலும் அன்பர்கள் அஞ்ச வேண்டா.

கன்டம் என்பது 1979-ஆம் ஆண்டு ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த சித்திரத் தொடர். இயக்கியவர் யோஷியுகி தோமினோ. யந்திரங்களின் உருவத்தை வரைந்தவர் குனியோ ஓகவாரா. போர்க்களத்தில் மனிதன் உள்ளே அமர்ந்து ஓட்டும் பேருருவ யந்திரங்களைப் பற்றிய கதை. முதலில் அதனைப் பார்ப்பார் இல்லை. எண்ணியிருந்ததற்கு முன்னரே, 43 வாரங்களோடு, 1980 ஜனவரியில் தொடரை முடித்துவிட்டார்கள். கதை அதோடு மறைந்திருக்க வேண்டும். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் பாண்டாய் நிறுவனம் முந்நூறு யென் விலையில் ஒரு சிறு பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது. மறு ஒளிபரப்பும், அடுத்து வந்த திரைப்படங்களும் துணை நின்றன. கடைகளில் பெட்டிகள் வந்த வேகத்தில் தீர்ந்தன. தோற்ற நாடகத்தை அதன் பொம்மை காப்பாற்றியது என்றே சொல்லலாம்.

இந்த மாதிரிகளை வார்க்கும் தொழிற்சாலை ஷிசுவோகா நகரில் உள்ளது. பிளாஸ்டிக் மாதிரி செய்யும் தமியா, ஹசெகாவா, அவோஷிமா ஆகிய நிறுவனங்களும் அதே வட்டாரத்தைச் சேர்ந்தவையே. மரவேலைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. தமியாவே மரக்கடையாகத் தொடங்கியதுதான். மரத்தில் விமானமும் கப்பலும் செதுக்கிய கைகள் பின்னர்ப் பிளாஸ்டிக்குக்கு மாறின.

பெட்டியின்மேல் 1/144 என்று ஓர் எண் காணப்படும். இது அளவுவீதம். கதையில் வரும் கன்டத்தின் உயரம் 18 மீட்டர். 144-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 1/100 என்றால் 18 சென்டிமீட்டர். 1/60 என்றால் 30 சென்டிமீட்டர். 144 என்ற விந்தையான எண் எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் வருவது அது. அடியும் அங்குலமும் வழங்கிய நாட்டாரின் விமான மாதிரிக் கணக்கு, மீட்டர் அளக்கும் ஜப்பானில் இன்றும் நிலைத்து நிற்கிறது.

அளவோடு தரப் பெயரும் உண்டு. 'ஹை கிரேடு' 1990-இலும், 1/100 அளவில் உள்ளெலும்புச் சட்டத்தோடு கூடிய 'மாஸ்டர் கிரேடு' 1995-இலும், 1/60 அளவான 'பெர்பெக்ட் கிரேடு' 1998-இலும், சிறிய உருவத்தில் மிக நுண்ணிய வேலைப்பாடு கொண்ட 'ரியல் கிரேடு' 2010-இலும் வந்தன. புதியவர் முதலில் வாங்க வேண்டியது 1/144 ஹை கிரேடு. 2020-இல் வந்த 'என்ட்ரி கிரேடு' இன்னும் எளிது. கருவியே இல்லாமல் துண்டுகளைக் கையாலேயே கழற்றலாம். படத்தைப் பார்த்து மயங்கி ரியல் கிரேடில் தொடங்குவோர் பலர். நெல்மணி அளவுள்ள துண்டுகளோடு போராடிப் பாதியில் கட்டி வைத்துவிடுகிறார்கள். பணமும் போயிற்று, ஆசையும் போயிற்று. விலை மலிவு என்று போலிப் பெட்டிகளை வாங்குவதும் அப்படித்தான். ஒட்டுப் பசையில்லாமல் பொருந்தும் இந்த மாதிரிகளுக்கு உயிர்நிலை அச்சின் துல்லியம். நகலெடுத்த அச்சில் அந்தத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. மூட்டு தளரும், அல்லது முளை துளைக்குள் இறங்காது. புதியவரோ தம் கைதான் திருந்தவில்லை என்று எண்ணி மனம் தளர்ந்துவிடுவார்.

பெட்டியைத் திறந்தால் துண்டுகள் தனித்தனியாக இரா. சாளரச் சட்டம் போன்ற பிளாஸ்டிக் சட்டங்களில் அவை தொங்கிக்கொண்டிருக்கும். பாலிஸ்டைரின் மணிகளை உருக்கி, மிகுந்த அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். உருகிய குழம்பு ஓடிய வாய்க்கால்தான் குளிர்ந்து சட்டமாகிறது. வாய்க்காலிலிருந்து வயலுக்கு மடை திறப்பது போல, சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு வழி இருக்கும். அதைக் காம்பு என்போம். முதற் கன்டம் ஏறக்குறைய ஒரே நிறத்தில் வந்தது; பசையும் வண்ணமும் இன்றி முடியாது. இன்றோ ஒரே சட்டத்தில் பல நிறத் துண்டுகளை வார்க்கிறார்கள். வண்ணம் பூசாமலே உருவம் நிறத்தோடு எழுந்து நிற்கும்.

இனிக் காம்பை வெட்டும் கலைக்கு வருவோம். தொடங்குவோரின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகின்றன. ஆகையால் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

மாங்காயைக் காம்போடு பறித்துப் பிறகு காம்பைக் கிள்ளுவதுதானே நம் ஊர் வழக்கம்? ஒட்டப் பறித்தால் பால் வடிந்து காய் கெடும். இங்கும் அதே முறைதான். முதல் வெட்டு, துண்டிலிருந்து தள்ளி, சட்டத்தின் ஓரமாக. துண்டு கைக்கு வந்த பிறகு, எஞ்சிய காம்பை இரண்டாவது வெட்டில் குறைக்க வேண்டும். அப்போதும் முழுவதும் ஒட்ட வெட்டாமல், அரை மில்லிமீட்டர் போல் விட்டுவிடுவது நல்லது. அந்த மிச்சத்தைக் கத்தியால் மெல்லச் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதலில் 400 எண், பின்னர் 600, 800, 1000. எண் ஏறஏறத் தாள் நயமாகும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் அவ்விடத்தில் வெள்ளைத் தழும்பு தோன்றும். பிளாஸ்டிக் அளவுகோலை வளைத்துப் பார்த்தவர்கள் இந்த வெண்மையை அறிவார்கள். இழுபட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் எண்ணற்றவை திறக்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை தெரிகிறது. ஆகவே அது மேலே ஒட்டிய அழுக்கன்று, துண்டின் உள்ளே விழுந்த காயம். நீலம், கறுப்பு, சிவப்புத் துண்டுகளில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இலேசான தழும்பானால் நகத்தால் அழுத்தித் தேய்க்க ஓரளவு மங்கும். ஆழமானதை வண்ணம் கொண்டுதான் மறைக்க வேண்டும்.

வெட்டும் குறடு கூர்மையானதாக, ஒரு பக்கம் தட்டையானதாக இருத்தல் வேண்டும். தட்டைப் பக்கம் எப்போதும் துண்டை நோக்கியிருக்கட்டும். இதற்கென வாங்கிய குறட்டால் செப்புக் கம்பியை வெட்டுவது பெரும் பாவம்! ஒரு தடவை போதும், வாய் பல்லுப்பல்லாகிவிடும். விடுதி அறையில் இக்குறட்டை இரவல் கேட்டு வரும் மின்பொறியியல் நண்பர்களிடம் கண்டிப்பாக இருங்கள். நகவெட்டியைக் கொண்டு சமாளிப்போரும் உண்டு. அதன் வளைந்த வாய் துண்டின் பரப்பில் பள்ளம் பறிக்கும். சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்கு அது தகுந்த இடமன்று.

பூட்டும் வேலை இதைக் காட்டிலும் எளிது. விளக்கப் புத்தகம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் படங்களே பேசும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். ஏ-12 என்றால் 'ஏ' சட்டத்தின் பன்னிரண்டாம் துண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிக் குவித்துவிடாமல், அந்தந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள். எண் சட்டத்தில்தான் உள்ளது, துண்டில் இல்லை. முளையைத் துளையில் வைத்து அழுத்துமுன், இடதா வலதா, முன்னா பின்னா என்று படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். இறுகப் பூட்டியதைப் பிரிப்பது கடினம். முளை உள்ளேயே முறிந்து தங்கிவிடக்கூடும். பல பெட்டிகளில் மூட்டுகளுக்கென்று சாம்பல் நிறத்தில் மென்மையான வளையங்கள் இருக்கும். அவை பாலிஎதிலீன். தாமே சற்று நெகிழ்ந்து முளையைக் கவ்விப் பிடிப்பதால், கையை உயர்த்தினால் உயர்த்திய இடத்திலேயே நிற்கிறது. இவற்றை மறந்து மூட்டை மூடிவிட்டால் திரும்பப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உருவம் நின்றுவிட்டது. ஆனால் ஏதோ வெறுமை தெரிகிறது. உடலில் உள்ள நுண்ணிய பள்ளக் கோடுகளில் மெல்லிய முனைப் பேனாவால் மை ஓடவிட்டால் அந்த வெறுமை நீங்கும். வெள்ளைக்குச் சாம்பல் மை, சிவப்புக்குப் பழுப்பு. வெள்ளையின்மேல் கறுப்பு மையிட்டால் கன்டம் கரிக்கோட்டுப் பொம்மையாகிவிடும் என்பது என் கருத்து, மறுப்போரும் உளர். பேனாவுக்குப் பதில் எனாமல் மையைக் கரைத்து ஓடவிடுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மூட்டுகள் சில ஏபிஎஸ் என்னும் வேறு பிளாஸ்டிக்கால் ஆனவை. இறுகப் பூட்டிய நிலையில் அவற்றின்மேல் அந்தக் கரைப்பான் பட்டால், துண்டு தானாகவே வெடித்து உதிரும். இழுவிசையும் கரைப்பானும் கூடினால் பிளாஸ்டிக்குக்குப் பகை.

கடைசியாக மங்கல் பூச்சைத் தெளித்தால் பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு மறையும். கண்ணாடித் துண்டுகளை முன்னதாகக் கழற்றி வையுங்கள். இல்லையேல் அவை பனி படிந்தது போல் மங்கும். பம்பாய் மழைக்காலத்தைப் போன்ற ஈரக் காற்றில் தெளிக்கவே கூடாது. பூச்சு வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். வெயில் வரும்வரை பொறுத்திருங்கள். தெளிப்பதும், பசை தொடுவதும் சாளரம் திறந்த இடத்தில் நடக்கட்டும். மூடிய அறையில் மூவர் உறங்க, ஒருவர் கரைப்பானைத் திறந்து வைப்பது முறையன்று. தேய்க்கும்போது உப்புத்தாளை நீரில் நனைத்துக்கொண்டால் தூள் மூக்கில் ஏறாது.

வெட்டி முடித்த சட்டங்களைக் குப்பையில் போட வேண்டா. அதே நிறத் துணுக்குகளைப் பொடியாக நறுக்கி, பாலிஸ்டைரின் பசைக் குப்பியில் ஊறவைத்தால் ஓரிரு நாளில் கூழாகும். கத்தி தவறிப் பள்ளம் விழுந்த இடத்தில் அதைத் தடவி, நன்றாக உலரவிட்டுத் தேய்த்தால் நிறம் மாறாமல் அடைபடும். சட்டத்தின் ஒரு குச்சியை மெழுகுவத்திச் சுடருக்குமேல், தீயில் படாமல், சுழற்றிக் காட்டுங்கள். நடு இளகியதும் இரு கையாலும் மெல்ல இழுத்தால் நூல் போல் நீளும். தலையிலிருந்து முறிந்துபோன கொம்புக்கு அதில் ஒரு துண்டு போதும்.