கிர்க்காஃபின் இரு விதிகள்

பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பர்க் நகரில் 1824ஆம் ஆண்டு குஸ்தாவ் கிர்க்காஃப் பிறந்தார். அந்நகர் இன்று உருசிய நாட்டில் கலினின்கிராட் என வழங்குகிறது. அங்குள்ள பல்கலைக் கழகத்தில் மாணவராய் இருந்தபோதே, 1845ஆம் ஆண்டில், மின்சுற்றுகளுக்குரிய இரண்டு விதிகளை அவர் வெளியிட்டார்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஓம் என்னும் அறிஞர் 1827ஆம் ஆண்டிலேயே கண்டுரைத்திருந்தார். ஒரு மின்கலமும் ஒரு விளக்குமே உள்ள சுற்றுக்கு அவ்விதி போதும். கம்பிகள் கிளைகளாகப் பிரிந்து, கிளைதோறும் வெவ்வேறு மின்கலம் அமையுமாயின், எக்கிளையில் எவ்வளவு மின்னோட்டம் செல்லும் என்பதை அது மட்டும் கொண்டு அறிய இயலாது. இம்முடிச்சையே கிர்க்காஃப் அவிழ்த்தார்.

கம்பிகள் கூடும் சந்தி ஒன்றை நோக்கி வரும் மின்னோட்டங்களின் தொகை, அதைவிட்டு நீங்கும் மின்னோட்டங்களின் தொகைக்குச் சமம் என்பது முதல் விதி. வாய்க்கால் பிரியும் இடத்தில் வந்த நீரே பிரிந்து செல்வது போன்றது இது. வாய்க்கால் நீராவது சிறிது மண்ணில் ஊறிப்போகும்; மின்னூட்டமோ சிறிதும் குறைவதில்லை.

ஒரு மூடிய சுற்றில் மின்கலங்கள் அளிக்கும் மின்னழுத்தத்தின் தொகை, தடைகளில் வீழும் மின்னழுத்தத்தின் தொகைக்குச் சமம் என்பது இரண்டாம் விதி. குன்றின்மீது ஏறி இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே மீள்பவன், ஏறிய உயரம் முழுவதையும் இறங்கியிருத்தல் வேண்டுமன்றோ?

இவ்விதிகளின் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 12 வோல்ட் உடையது ஒன்றும், 6 வோல்ட் உடையது ஒன்றுமாக இரு மின்கல அடுக்குகள் உள்ளன. ஒவ்வொன்றின் அகத்தடையும் 1 ஓம். இரண்டின் நேர்முனைகளும் ஒரு சந்தியிலும், எதிர்முனைகள் மற்றொரு சந்தியிலும் இணைக்கப்பட்டுள்ளன. அச்சந்திகளுக்கு இடையே 4 ஓம் தடையுள்ள விளக்கு எரிகிறது. இரண்டு அடுக்குகளும் விளக்குக்கு மின்னோட்டம் அளிப்பதாகவே முதலில் கொள்வோம். அங்ஙனமாயின், விளக்கின் மின்னோட்டம் அவ்விரண்டின் தொகையாகும்.

முதல் அடுக்கின் 12 வோல்ட், அதன் அகத்தடையிலும் விளக்கிலும் வீழ்கிறது. இரண்டாவதன் 6 வோல்ட்டும் அவ்வாறே. இரு சமன்பாடுகளையும் கூட்டினால், விளக்கின் மின்னோட்டத்தைப்போல் 9 மடங்கு 18 ஆகும். ஆகவே அம்மின்னோட்டம் 2 ஆம்பியர். விளக்கில் வீழும் மின்னழுத்தம் 8 வோல்ட். எஞ்சிய 4 வோல்ட் முதல் அடுக்கின் 1 ஓம் அகத்தடையில் வீழ்வதால், அது தருவது 4 ஆம்பியர். இரண்டாவது அடுக்கில் 6இலிருந்து 8ஐக் கழிக்க வேண்டியுள்ளது. விடை குறை 2 ஆம்பியர்!

இக்குறைக் குறியைக் கண்டு கணக்குத் தவறிற்று என எண்ணுதல் வேண்டா. கொண்ட திசைக்கு மாறாக மின்னோட்டம் செல்கிறது என்பதே அதன் பொருள். திசையை எவ்வாறு கொண்டு தொடங்கினும் விதிகளே அதைத் திருத்திவிடும். இம்முறையின் பெருஞ்சிறப்பு இதுவே. இரண்டாவது அடுக்கு விளக்குக்கு எதுவும் அளிக்கவில்லை. முதலாவது தரும் 4 ஆம்பியரில் பாதியை அது தானே உட்கொள்கிறது.

விளக்கைக் கழற்றிவிட்டாலும் இது நிற்பதில்லை. இரு மின்னழுத்தங்களின் வேறுபாடு 6 வோல்ட். இரு அகத்தடைகளின் தொகை 2 ஓம். ஆதலின், விளக்கு இல்லாதபோதும் 3 ஆம்பியர் மின்னோட்டம் வலிய அடுக்கிலிருந்து மெலிய அடுக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்.