விசைத் தெளிப்பானுக்கு ஏற்ற பிஸ்டன் வளையம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மாந்தோப்புகள் பல உள்ளன. மாமரம் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிடுமாதலால், காலத்தே மருந்து தெளித்தல் இன்றியமையாதது. அச்சமயத்தில் விசைத் தெளிப்பானின் எஞ்சின் வலுவிழந்து நின்றால், ஓராண்டு விளைச்சலே குறைவுபடும். எஞ்சின் வலுவிழப்பதற்குரிய காரணங்களுள் முக்கியமானது பிஸ்டன் வளையத்தின் தேய்மானம். புதிய வளையத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

எரிவாயு கசியாமல் தடுப்பதும், பிஸ்டனின் வெப்பத்தைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்துவதும் வளையத்தின் பணிகள். ஓரிடத்தில் வெட்டுண்ட வளையம் தன் சுருள்விசையால் சுவரை அழுத்தி நிற்கிறது. இங்கிலாந்தின் ரயில்வே பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் 1850-களில் நீராவி எஞ்சினுக்கென அமைத்த இம்முறையே இன்றும் நிலைபெற்றுள்ளது.

முதலில் எஞ்சினின் வகையை நோக்குவோம். டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சினில், வளையம் அமரும் பள்ளத்தில் சிறு ஊசி ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். வளையம் சுழன்று, அதன் முனைகள் சிலிண்டரின் துவாரங்களில் மாட்டி ஒடியாதிருக்கவே இவ்வேற்பாடு. ஆகவே அந்த ஊசிக்கு இசைந்த முனைகளையுடைய வளையமே பொருந்தும். நால்வீச்சு எஞ்சினில் வழக்கமாக மூன்று வளையங்கள் உண்டு. அடியிலுள்ளது எண்ணெயை வழிப்பதற்குரியது.

இரண்டாவது, சிலிண்டரின் சுவர். உட்சுவரில் காந்தம் வலுவாக ஒட்டினால் அது வார்ப்பிரும்பு. ஒட்டாவிடில் அலுமினியத்தின்மீது முலாம் பூசியதாகும். குரோமிய முலாம் பூசிய சுவருக்குக் குரோமிய முலாம் பூசிய வளையத்தை இடலாகாது. இரண்டும் உராய்ந்து கீறிக்கொள்ளும். அதற்கு வார்ப்பிரும்பு வளையமே ஏற்றது. முலாம் உரிந்திருப்பின் சிலிண்டரையே மாற்ற வேண்டும். வார்ப்பிரும்புச் சிலிண்டரையோ பட்டறையில் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் வளையமும் பொருத்தலாம்.

மூன்றாவது, முனை இடைவெளி. இறுக்கமான வளையமே நல்ல வளையம் எனக் கருதுவோர் உளர், அது சரியன்று. வளையத்தைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் சமமாகத் தள்ளி, முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜ் நுழைத்து அளக்க வேண்டும். சிலிண்டர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுக்கணக்கு, 40 மி.மீ. விட்டத்திற்கு 0.16 மி.மீ. ஆகிறது. தயாரிப்பாளரின் கையேட்டில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதுவே முடிவானது. இடைவெளி இல்லையெனில், சூட்டில் விரியும் முனைகள் ஒன்றோடொன்று முட்டிச் சுவரைக் கீறும். சரியான அளவுள்ள புதிய வளையத்திலும் இடைவெளி மிகுந்திருந்தால், தேய்ந்தது சிலிண்டரே என அறியலாம். அந்நிலையில் வளையத்தை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

பள்ளத்திலுள்ள கரியைச் சுரண்டியகற்றி, எழுத்துக் குறியுள்ள பக்கம் மேல்நோக்குமாறு வளையத்தைப் பொருத்துக. காற்று வடிகட்டியில் தூசு புகவிட்டாலும், பெட்ரோலில் சேர்க்கும் எண்ணெய் குறைந்தாலும் புதிய வளையமும் விரைவில் தேயும்.

மார்கழி, தை மாதங்களில் மாமரம் பூக்கத் தொடங்கும். ஆகவே கார்த்திகையிலேயே எஞ்சினைப் பிரித்து அளந்து, வேண்டிய வளையத்தை வாங்கிப் பொருத்தி வைத்தல் விவசாயிகளுக்கு நலம் பயக்கும்.