மலைப் பேருந்தில் ஏற மறுக்கும் பிள்ளை: எந்தப் பயம், என்ன வழி?

தேர்வுக் காலம் வந்தால் எங்கள் நீலகிரியில் ஒரு காட்சி தவறாமல் நடக்கிறது. கைபேசியில் அரை நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு, "எனக்கு பேனிக் அட்டாக்" என்று மாணவர்கள் தாங்களே முடிவுசெய்கிறார்கள். பெற்றோரோ, நெஞ்சு படபடக்கிறது என்று பிள்ளை சொன்னதும் கீழே கோயம்புத்தூருக்கு ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். இல்லையென்றால் தங்களுக்கு எழுதித் தந்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிறார்கள். எது என்ன பயம் என்று பார்ப்பதற்கு முன்பே வைத்தியம் ஆரம்பமாகிவிடுகிறது.

தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை நின்றால் கால் நடுங்கத்தான் வேண்டும். அது உயிர் காக்கும் பயம். ஆபத்து இல்லாத இடத்திலும் பயம் விடாமல், படிப்பையும் தூக்கத்தையும் போக்குவரத்தையும் முடக்கும்போதுதான் அது பதற்றக் கோளாறு.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் ஏறமாட்டேன் என்று ஒரு பிள்ளை அடம்பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பயம். உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால் ஐந்து வேறு பதில்கள் வரலாம்.

"கொண்டை ஊசி வளைவில் பள்ளத்தைப் பார்த்தாலே உயிர் போகிறது, மற்றபடி ஒன்றுமில்லை" என்றால் அது குறிப்பிட்ட ஒன்றின் மீதான அச்சம். "பர்லியாறு பக்கம் ஒருமுறை திடீரென்று மூச்சு முட்டியது, செத்துவிடுவேன் என்று நினைத்தேன், மறுபடி வந்தால் நடுவழியில் எங்கே இறங்குவது?" என்றால் பீதி நோயாக இருக்கலாம். அந்தப் பீதி அலை சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானே வடியும். ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற அச்சம் ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால்தான் நோய். ஒருமுறை வந்ததற்கெல்லாம் அந்தப் பெயர் வேண்டாம். "கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டால் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள்" என்பது சமூகப் பதற்றம். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும் இதை, கூச்சம் என்று வீட்டில் தள்ளிவிடுகிறார்கள். "பஸ் கவிழ்ந்தால்? மார்க் குறைந்தால்? பசுந்தேயிலை விலை இன்னும் இறங்கினால் அம்மா என்ன செய்வாள்?" என்று கவலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் கழுத்து இறுகி, தூக்கம் கெட்டு, எரிச்சலோடு இருந்தால் பொதுப் பதற்றக் கோளாறு.

ஐந்தாவது பதில் மழைக்காலத்தில் வரும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இங்கே 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு நாளைக் கண்ணால் பார்த்தவருக்கு மண் சரியும் காட்சி கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வருமானால் அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல். 2013-இல் வந்த அமெரிக்க வகைப்பாடு இதைப் பதற்றக் கோளாறுகளிலிருந்து பிரித்துத் தனியாக வைத்திருக்கிறது. சிகிச்சையும் தனி.

தைராய்டு மிகுதல், ரத்தசோகை, ஆஸ்துமா ஆகியவையும் படபடப்பைத் தரும். பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு தடவை பரிசோதித்தால் போதும். எல்லாம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஊர் ஊராக ஈசிஜி எடுத்தால் பயம்தான் வளரும்.

இனி அந்தப் பாதி மாத்திரை. அல்பிரசோலம் போன்ற பதற்றத் தணிப்பு மாத்திரைகளை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம், விடுதி அறைகளில் அல்பிரசோலம் கைமாறுவதைப் பார்த்திருப்பதுதான். வைவாவுக்கு முன் ஒன்று, செமினாருக்கு முன் ஒன்று. அரை மணி நேரத்தில் மனம் அமைதியாகிறது, அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் புதிதாகப் படிப்பது மனதில் பதிவதை அது கெடுக்கும். தேர்வுக்காக விழுங்குபவனுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்! சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் பழைய பதற்றம் இரட்டிப்பாகும், வலிப்பும் வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து இது; சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர் பெயரைக் கடை மூன்று ஆண்டு பதிவில் வைத்திருக்க வேண்டும். இவற்றை எல்லாம் விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மாத்திரை போட்டுப் பேருந்தில் போய்வந்த பிள்ளை, தன்னால் முடிந்தது என்று கற்றுக்கொள்வதில்லை. மாத்திரையால் முடிந்தது என்றே கற்றுக்கொள்கிறது.

மனநல மருத்துவர் நீண்ட காலத்துக்கு எழுதும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் வேறு வகை. அவை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், அடிமைப்படுத்தாது. தேவைப்பட்டால் தயங்காமல் எடுக்கலாம். நிறுத்துவதும் அவர் சொல்படிதான். இருந்தாலும் என் சாய்வு சிபிடி என்னும் பேச்சுவழிப் பயிற்சியின் பக்கம்தான். அதில் பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழகுவார்கள்: முதல் வாரம் நிறுத்தத்தில் நிற்பது, அடுத்த வாரம் ஒரு நிறுத்தம் போவது, பிறகு பர்லியாறு வரை. இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பெற்றோருக்கு இந்த வேகம் பொறுக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மேடையேறிப் பேசுகிறதே என்பார்கள். உங்கள் பிள்ளையின் சுபாவம் வேறு, அதன் நடை வேறு. அமைதியான பிள்ளையை வாயாடியாக்குவது சிகிச்சையின் நோக்கமே அல்ல. அது விரும்பியதைப் பயத்தால் விட்டுவிடாமல் இருந்தால் போதும். நீட் எழுதும் ஆண்டானாலும் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

பயம் எங்கே வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதையெல்லாம் தவிர்க்க வைக்கிறது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எடுத்துப் போங்கள். மலையிறங்க வேண்டியதில்லை. நேரில் போகக் கூச்சப்படும் பிள்ளை, 2022 அக்டோபரில் தொடங்கிய 'நட்புடன் உங்களோடு' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் அழைக்கலாம், கட்டணம் இல்லை. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் மட்டும் நோட்டும் வேண்டாம், இரண்டு வாரமும் வேண்டாம். தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.