புரொஜெக்டர் வாங்குமுன் அறையை அளவெடுங்கள்

சுவரிலே படம் விழுத்தும் கருவி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1659ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ் அமைத்த ‘மாய விளக்கு’ இதன் மூதாதை எனலாம். யேசு சபைத் துறவி அத்தனாசியஸ் கிர்ச்சர், ஒளியைப் பற்றிய தமது நூலின் 1671ஆம் ஆண்டுப் பதிப்பில் அத்தகைய விளக்கைச் சித்திரத்துடன் விளக்கியுள்ளார். ஒரு விளக்கு, ஒரு படம், ஒரு வில்லை ஆகிய மூன்றுமே அன்று அதன் உறுப்புகள். இன்றைய டிஜிட்டல் புரொஜெக்டரிலும் அம்மூன்றுமே முதன்மையானவை. எண்ணெய் விளக்கின் காலத்தில் பெருங்குறையாயிருந்தது ஒளியின் பற்றாக்குறை. மலிவான கருவியை வாங்குவோர் இன்றும் ஏமாறுவது பெரும்பாலும் ஒளியிலேதான்.

பிள்ளைகளின் படிப்புக்கென மாதாமாதம் மிச்சம்பிடித்த பணத்தில் வாங்கும் பெற்றோரும், பழைய மாணவர் சேர்த்தளித்த நிதியில் வாங்கும் பாடசாலைகளும் இதில் தவறிவிடலாகாது. ஆகவே, எதை எந்த ஒழுங்கில் பார்க்கவேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

1. பெட்டியிலுள்ள எண்ணை நம்பலாமா?

புரொஜெக்டரின் ஒளி ‘லூமன்’ என்னும் அலகால் அளக்கப்படுகிறது. திரையில் ஒன்பது இடங்களில் ஒளியை அளந்து, சராசரி கண்டு, திரையின் பரப்பால் பெருக்கிப் பெறுவது ‘அன்சி லூமன்’. ஐ.எஸ்.ஓ. 21118 என்னும் சர்வதேச நியமமும் இதையொத்த முறையையே கூறுகிறது. இவ்விரண்டில் ஒன்று குறிக்கப்படாமல் வெறுமனே ‘9000 லூமன்’ என்று அச்சிட்டிருந்தால் அதற்குப் பொருளில்லை. கையடக்கமான மலிவு எல்.ஈ.டி. கருவிகள் பல, உண்மையில் சில நூறு அன்சி லூமனைக்கூடத் தாண்டுவதில்லை.

2. ஒளிக் கணக்கு

இரண்டு மீற்றர் அகலமும் ஒன்றேகால் மீற்றர் உயரமும் கொண்ட படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 2.5 சதுர மீற்றர். 3000 அன்சி லூமன் கருவியானால், 3000ஐ 2.5ஆல் வகுக்க, திரையில் விழும் ஒளி 1200 லக்ஸ். 300 லூமன் கருவியானால் 120 லக்ஸ் மாத்திரமே.

வகுப்பறைக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் வரையாகும். நம் பாடசாலைகளின் அரைச்சுவர் வகுப்பறைகளில் பகல் வெளிச்சம் இதனிலும் மிகுதியாக இருக்கக்கூடும். அங்கே 120 லக்ஸ் படம் கரைந்துபோகும். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைச் சுவரில் வீச முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. படத்தின் கறுப்பு என்பது ஒளி விழாத சுவரே. சுவர் வெளிச்சமாயிருந்தால் கறுப்பு எழுத்தும் சாம்பலாகிவிடும்.

அதே 120 லக்ஸ், இரவில் விளக்கணைத்த வீட்டுக் கூடத்தில் இதமான படத்தைத் தரும். ஆகவே இருட்டக்கூடிய வீட்டு அறைக்குச் சில நூறு உண்மை லூமனும், பகலில் பாடம் நடக்கும் வகுப்பறைக்கு 3000 அளவிலான லூமனும் தேவை எனக் கொள்ளலாம். படத்தின் அகல உயரங்களை இரு மடங்காக்கினால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

3. கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளை

எழுத்துகளை வாசிக்கவேண்டிய பாடங்களில், படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்துக்கு அப்பால் எவரும் அமராதிருப்பது நன்று. ஒன்றேகால் மீற்றர் உயரமான படமெனில் அது ஏழரை மீற்றர், அதாவது சுமார் 25 அடி. அடுத்ததாகக் கருவியை வைக்கும் தூரம். ‘எறிவிகிதம் 1.5’ எனில் இரண்டு மீற்றர் அகலப் படத்துக்குக் கருவி மூன்று மீற்றர் பின்னால் நிற்கவேண்டும். அவ்விடத்தில் மேசையும் மின்னிணைப்பும் உண்டா எனப் பாருங்கள். கருவியைச் சரித்து வைத்துவிட்டு, கோணிய படத்தைப் பொத்தானால் நேராக்கினால் எழுத்தின் கூர்மை குறையும். நேராக வைப்பதே சிறந்தது.

4. படப்புள்ளிகள்

இங்கே கேட்கவேண்டியது கருவியின் இயல்பான பிரிதிறன். ‘1080 ஏற்கும்’ என்றால் அத்தகைய படத்தைக் கருவி பெற்றுக்கொள்ளும் என்பதுதான் பொருள். அதே நுணுக்கத்தில் காட்டும் என்பதன்று. பாடங்களுக்கு 1280க்கு 800 போதுமானது. வீட்டில் திரைப்படம் பார்க்க 1920க்கு 1080 விரும்பத்தக்கது.

5. விளக்கும் உள்ளமைப்பும்

இரச ஆவி மின்குமிழ் கொண்ட கருவிகள் நல்ல ஒளி தரும். ஆனால் குமிழ் சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்றவேண்டியதாகும். எல்.ஈ.டி., லேசர் விளக்குகள் 20,000 மணி நேரமளவில் உழைக்கக்கூடியவை. குமிழ்க் கருவியை நிறுத்தியபின் விசிறி ஓய்வதற்குமுன் மின்னைத் துண்டிக்கலாகாது என்பது பொது விதி. அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊரில் இதையும் கருதவேண்டும்.

மூன்று எல்.சி.டி. தகடுள்ளவற்றில் நிறங்கள் தெளிவாயிருக்கும். ஒற்றைச் சில்லு டி.எல்.பி. கருவிகளில் எழுத்துகள் கூர்மையாயிருப்பினும், சிலர் கண்ணுக்கு வானவில் நிறக் கீற்றுகள் தோன்றுவதுண்டு. மிக மலிவான ஒற்றைத் தகட்டு எல்.ஈ.டி. கருவிகள் பலவற்றில் உட்பகுதி மூடப்படாததால், தூசி புகுந்து படத்தில் கறைகள் தோன்றும்.

6. பழைய கருவி வாங்கலாமா?

வகுப்பறைக்கு, பெயர்பெற்ற நிறுவனமொன்றின் பழைய கருவி, புதிய மலிவுக் கருவியைவிடப் பல வேளைகளில் மேலானது. ஆயினும் விளக்கு எரிந்த மணி நேரத்தை அதன் பட்டியலில் திறந்து பாருங்கள். வெள்ளைத் திரையை வீசி மஞ்சட் கறை உண்டா எனவும், கறுப்புத் திரையை வீசி வெண்புள்ளிகள் உண்டா எனவும் சோதியுங்கள். மாற்றுக் குமிழின் விலையை விசாரித்து, அதையும் கருவியின் விலையோடு கூட்டியே தீர்மானியுங்கள்.

வீட்டில் பகல் வேளையிலேயே பார்ப்பதானால், புரொஜெக்டரைவிட ஒரு தொலைக்காட்சிப் பெட்டியே பொருத்தமாகலாம். சுவருக்கு வெள்ளை அடிப்பதும், யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை இடுவதும் சிறு செலவில் பெரும் பயன் தரும்.

முடிவாக, பணம் கொடுக்குமுன் கடைக்காரரின் சம்மதத்துடன் கருவியை உங்கள் அறைக்கே கொண்டுவந்து, வழக்கமாகப் பாடம் நடக்கும் நேரத்தில் இயக்கிப் பாருங்கள். பாடப்புத்தகப் பக்கமொன்றைத் திரையில் விழுத்தி, கடைசி வரிசையில் ஒரு பிள்ளையை அமர்த்தி வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடையின்றி வாசித்தால் வாங்கலாம். கண்ணைச் சுருக்கினால், விலை எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.