நிழலும் ஈரமும் உள்ள மண்ணுக்கு

கேள்வி: கொல்லையில் மாமரத்தடியில் மழைநீர் வடியாமல் நிற்கிறது. புல் பதித்தால் அழுகிவிடுகிறது. தரையை மூட எதை நடலாம்?

பதில்: புல் அழுகுவதற்கு ஈரம் மட்டும் காரணமல்ல. அருகு போன்ற புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் மெலிந்துபோன புல்லைக் காற்றுப் புகாத களிமண் எளிதாக அழித்துவிடுகிறது. மண் கொட்டி மேடாக்கினால் மாமரத்தின் வேர்கள் மூச்சுத் திணறும். ஆகவே மண்ணை விட்டுவிட்டுச் செடியை மாற்றுவதே சரி. வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாக வளரும் வல்லாரைதான் என் தேர்வு. அதன் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு ஈர மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அரை நிழலே அதற்குப் போதும். வெயில் எட்டும் சேற்று ஓரத்தில் நீர்ப்பிரமி வைக்கலாம். கண்டபடி பரவுமே என்பீர்கள். பரவாத செடி தரையை மூடாது. ஓரத்தில் செங்கல் பதித்து, தாண்டி வருவதைக் கிள்ளிவிடுங்கள். ஆனால் நர்சரியில் மஞ்சள் பூப் பூக்கும் வெடீலியாவைத் தந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் அதுவும் உண்டு; வேலி தாண்டினால் பிற செடிகளை அமுக்கிவிடும். கொசுவை எந்தச் செடியும் தடுக்காது. நாள்கணக்கில் நீர் தேங்கும் பள்ளங்களை மட்டும் தூர்த்துவிடுங்கள். குளியலறைத் தண்ணீர் அங்கே சேருமானால், அந்த வல்லாரையைத் துவையலுக்குப் பறிக்க வேண்டாம்.