கறுப்புக் காப்பியும் தறிக்குழியும்

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் நள்ளிரவில், காப்பியின் துணையோடுதான் பிறந்தன என்ற கருத்து, பொதுத்தேர்வு மாதங்களில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மாணவரிடையே சாத்திர விதியைப் போல வழங்கிவருகிறது. வராத கணக்கும் காப்பி குடித்தால் வருமா என்ற உன் வினா அந்தக் கருத்திலிருந்தே எழுந்தது என்பதால், விடை சற்று நீளமாகவே அமைய வேண்டியுள்ளது.

காஃபீன் மூளைக்குப் புதிய ஆற்றல் எதையும் ஊட்டுவதில்லை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் சேர்ந்துகொண்டே போகும் அடினோசின் என்னும் வேதிப்பொருள், நரம்பணுக்களில் தனக்கென அமைந்த ஏற்பிகளில், அதாவது வேதிச் செய்தியை வாங்கும் இடங்களில், சென்று பொருந்தும்போது களைப்பும் தூக்கமும் தோன்றுகின்றன. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போலக் காஃபீன் அந்த இடங்களை அடைத்துக்கொள்வதால், களைப்பு இருந்தும் தெரியாமல் போகிறது. நாள்தோறும் குடிப்பவரின் உடல் இதற்குப் பழகிவிடுகிறது. ஆகவே அவர் காலைக் காப்பியில் காணும் தெளிவில் ஒரு பங்கு, இரவு முழுவதும் காப்பி இல்லாமையால் வந்த மந்தம் நீங்குவது மட்டுமே.

உளவியலார் சிந்தனையை இரண்டாகப் பிரிப்பர்: பல குறிப்புகளிலிருந்து ஒரே சரியான விடையை எட்டுவது குவிசிந்தனை, ஒரு செங்கல்லை எத்தனை வகையில் பயன்படுத்தலாம் என்பது போன்ற வினாவிற்குப் புதிய விடைகளைப் பெருக்கிக்கொண்டே போவது விரிசிந்தனை. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாரியா சபெலினா, பால் சில்வியாவுடன் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், 200 மில்லிகிராம் காஃபீன் மாத்திரை உண்டவர்கள் குவிசிந்தனை வினாக்களில் மேம்பட்டனர். விரிசிந்தனையிலோ, அவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே விடைக்கு இட்டுச்செல்லும் கணக்கை முடிக்கக் காப்பி உதவலாம், புதிய வழிகளைப் பெருக்க உதவும் என்பதற்கு இவ்வாய்வில் சான்று இல்லை என்பதே இதன் பொருள்.

இவ்விடத்தில் காப்பிக் கட்சியினர் தவறாமல் பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவன்காரேயைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்தச் சாட்சியை முழுவதும் கேட்டவர் அவர்களில் சிலரே. கணிதக் கண்டுபிடிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பது பற்றி 1908இல் பாரிசின் பொது உளவியல் நிறுவனத்தில் நிகழ்த்திய உரையில், குறிப்பிட்ட சில மாற்றங்களுக்கு உட்பட்டும் மதிப்பு மாறாமல் நிற்கும் பூக்சியன் சார்புகளைத் தாம் கண்டடைந்த கதையை அவர் விவரித்தார். அத்தகைய சார்புகள் இருக்கவே முடியாது என்று நிறுவுவதற்காகப் பதினைந்து நாள், நாளுக்கு ஓரிரு மணி நேரம், மேசைமுன் அமர்ந்து பல சேர்க்கைகளை முயன்று தோற்றபின், ஒரு மாலையில் அவர் கறுப்புக் காப்பி குடித்தார், உறக்கம் வரவில்லை, எண்ணங்கள் கூட்டமாக எழுந்து மோதி, அவற்றுள் சில பிணைந்து நின்றன, விடிவதற்குள் அச்சார்புகளில் ஒரு வகை உண்டு என்பது உறுதியாயிற்று. காப்பிக் கட்சியினர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆனால் அன்று காப்பி குடித்தது தம் வழக்கத்துக்கு மாறானது என்று புவன்காரேயே சொல்லியிருப்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதே உரையில் வரும் அடுத்த மூன்று கண்டறிதல்களில் காப்பிக்கு இடமே இல்லை: நிலவியல் பயணம் ஒன்றில், கூத்தான்சு என்னும் ஊரில் குதிரை வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில், அந்தச் சார்புகளுக்கும் யூக்ளிடியம் அல்லாத வடிவியலுக்கும் உள்ள உறவு தோன்றியது, எண்கணிதச் சிக்கல் ஒன்றில் தோற்றுக் கடற்கரைக்குப் போனபோது, செங்குத்துக் கரையில் நடந்துகொண்டிருக்கையில் இரண்டாவது எண்ணம் தோன்றியது, படைப்பணியின்போது ஒரு பெருஞ்சாலையைக் கடக்கையில், எஞ்சியிருந்த தடையும் விலகியது. இதற்கும் மேலாக, காலையில் பத்து முதல் பன்னிரண்டு வரையும் மாலையில் ஐந்து முதல் ஏழு வரையும் மட்டுமே கணிதத்தில் ஈடுபடுவது அவர் வழக்கம் என்று, அவரை நேரில் ஆராய்ந்த உளவியலார் எதுவார் துலூசு 1910இல் எழுதினார். ஒருவருடைய வாழ்நாள் ஒழுங்கை விட்டுவிட்டு, அவ்வொழுங்கு தவறிய ஓர் இரவை மட்டும் எடுத்துப் பின்பற்றுவது எவ்வகைக் கல்வி என்பது விளங்கவில்லை. இராமானுஜன் கேம்பிரிட்ஜில் முப்பது மணி நேரம் தொடர்ந்து உழைத்ததைப் பேசுவோர், அதற்குப்பின் இருபது மணி நேரம் உறங்கியதாக அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய இராபர்ட் கனிகல் குறிப்பிட்டிருப்பதை விட்டுவிடுவதும் இதே போன்றதே.

புவன்காரேயின் பட்டியலில் பொதுவாக இருப்பவை இரண்டு: முதலில் நெடுநாள் கடும் உழைப்பு, பின்னர், உடல் எளிய செயலில் ஈடுபட்டிருக்கும் இடைவேளை. இவ்விடைவேளையை உளவியலார் அடைகாப்பு என்பர். பெஞ்சமின் பேர்டும் உடனாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இடைவேளையில் எளிய வேலை செய்தவர்கள், கடினமான வேலை செய்தவர்களையும் சும்மா இருந்தவர்களையும் விட, முன்பு முயன்ற வினாக்களில் மேலான விடைகளைத் தந்தனர். அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்கள் இதற்கு வாய்ப்பான இடங்கள் என்பதை அங்கே பிறந்த மாணவர்களே உணர்வதில்லை. தார் சுற்றுதல், அதாவது நாடாவில் பொருத்தும் சிறு குழலில் ஊடை நூலைச் சுற்றுதல், கையையும் கண்ணையும் ஒரு சீரில் கட்டிவைத்து மனத்தை அவிழ்த்துவிடும் வேலை. பழகியவருக்குத் தறிக்குழியில் கால் மிதிப்பதும் ஏறத்தாழ அப்படியே. ஆய்வகங்கள் செயற்கையாக ஏற்படுத்தும் அடைகாப்பு நிலையை நெசவு வீடுகள் இயல்பாகவே கொண்டுள்ளன என்பது இக்கடிதத்தின் துணிபு. அத்துணிபை எவரும் சோதித்ததாகத் தெரியவில்லை என்றாலும், தார் சுற்றச் சொல்லும் அம்மாவிடம் கணக்கு இருக்கிறது என்று கூறித் தப்பிக்கும் பிள்ளை, பெரும்பாலும் கணக்கையும் சேர்த்தே இழக்கிறான். தறி இல்லாத கரிசல் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கண்மாய்க் கரை இருக்கிறது: நடப்பவர்களிடம் விரிசிந்தனை உயர்வதை 2014இல் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஒப்பேசோவும் சுவார்ட்சும் காட்டினர், குவிசிந்தனைக்கு நடை அவ்வாறு உதவவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

உறக்கத்தைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. செருமனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளிவந்த சோதனையில், எண் வரிசைகளில் மறைந்திருந்த குறுக்குவழியைக் கண்டவர்கள், விழித்திருந்தோரைவிட உறங்கி எழுந்தோரில் இரு மடங்குக்கும் மேல் இருந்தனர். காஃபீனில் பாதியை உடல் அகற்றவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். 400 மில்லிகிராம் காஃபீன், படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன் உட்கொண்டாலும் உறக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைக்கும் என்று 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இரவுக் காப்பி, அக்குறுக்குவழி தென்படுவதற்கான உறக்கத்தையே விலையாகக் கேட்கிறது.

அளவு பற்றி ஒரு குறிப்பு. வளரிளம் பருவத்தினர் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவில் நிற்பது தகும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது 150 மில்லிகிராம், அதாவது ஒன்று அல்லது இரண்டு குவளைக் காப்பி. சிக்கரியில் காஃபீன் இல்லாததால் கலப்புத் தூளில் அளவு குறையும். கரிசல் மல்லியில் இறக்கும் சுக்குமல்லிக் காப்பியிலோ காஃபீன் அறவே இல்லை. அதைக் குடித்ததும் மூளை விழித்துக்கொண்டதாகச் சொல்பவர்கள் சூட்டுக்கும் கருப்பட்டிக்கும் தம் நம்பிக்கைக்கும் நன்றி சொல்லட்டும்.

ஆகவே, தம்பி, காப்பியைக் காலையோடு நிறுத்திக்கொள்க. வராத கணக்கை மாலையில் ஒரு மணி நேரம் மெய்யாகவே முயன்று, பின் மூடிவைத்து, வீட்டு வேலை செய்து, நேரத்தோடு உறங்குக. அப்படியும் வராத கணக்குகளை அடுத்த கடிதத்தில் அனுப்புக. தோற்ற வழிகளை அடித்துவிடாமல், அந்தத் தாள்களையும் சேர்த்தே அனுப்புக.